பெயர் பெரிய எழுத்தில், பண்டம் பொடி எழுத்தில்

2025-ம் ஆண்டு அக்டோபர் 14-ந் தேதி டெல்லியில் இருந்து ஓர் உத்தரவு புறப்பட்டது. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் அதைப் பிறப்பித்தது. எல்லா மாநில உணவுப் பாதுகாப்பு கமிஷனர்களுக்கும் அது போய்ச் சேர்ந்தது. எந்த உணவுப் பொருளின் பெயரிலும், அதன் வியாபாரச் சின்னத்திலும் இனி "ஓ.ஆர்.எஸ்." என்ற மூன்று எழுத்துகள் இருக்கக் கூடாது. முன்னால் ஒரு சொல்லையோ, பின்னால் ஓர் எழுத்தையோ ஒட்டவைத்தும் அதைப் பயன்படுத்தக் கூடாது. உத்தரவின் சாரம் இவ்வளவுதான்.

மூன்று எழுத்துகளுக்காக இத்தனை தடபுடலா என்று சிலர் கேட்டார்கள். கேட்டவர்கள், பேதியில் துவண்ட குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நள்ளிரவில் மருந்துக் கடைக்கு ஓடியவர்களாக இருக்க முடியாது.

மும்பை தாராவியிலோ, சயான் கோலிவாடாவிலோ ஒரு தாய் அப்படி ஓடி வருகிறாள் என்று வைத்துக்கொள்வோம். டாக்டர் "ஓ.ஆர்.எஸ். கொடுங்கள்" என்று சொல்லியிருக்கிறார். கடைக்காரரிடம் அதையே கேட்கிறாள். அவர் எடுத்து நீட்டுவது பொடி பாக்கெட் அல்ல. பழப்படம் போட்ட அழகான அட்டை டப்பா. உறிஞ்சிக் குடிக்கக் குழலும் உண்டு. டப்பாவின் நெற்றியில் அந்த மூன்று எழுத்துகள் கொட்டை எழுத்தில் இருக்கின்றன. பொடியைக் காட்டிலும் விலை பல மடங்கு. விலை கூடினால் மருந்தும் உசத்தி என்றுதான் ஏழை நினைப்பாள். கையில் இருப்பதைக் கொடுத்து வாங்கிக்கொண்டு போகிறாள்.

அந்த டப்பாவில் இருந்தது மருந்து அல்ல. சர்க்கரைப் பானம்.

போங்காவ் முகாமில் பிறந்த மருந்து

இந்த மூன்று எழுத்துகளுக்கு எப்படி இத்தனை மதிப்பு வந்தது என்பதைப் பார்க்க வேண்டும். அது விளம்பரத்தால் வந்த மதிப்பு அல்ல.

1971-ம் ஆண்டு வங்காளதேசப் போரின்போது லட்சக்கணக்கான அகதிகள் எல்லை தாண்டி மேற்கு வங்காளத்துக்குள் வந்தார்கள். போங்காவ் என்ற எல்லை ஊரில் இருந்த முகாம்களில் காலரா பரவியது. ஆஸ்பத்திரியில் படுக்கை இல்லை. நோயாளிகள் தரையில் கிடந்தார்கள். நரம்பு வழியாக ஏற்றும் உப்பு நீர் தீர்ந்துபோனது. அதை ஏற்றத் தெரிந்த ஆட்களும் போதவில்லை.

அங்கே பொறுப்பில் இருந்தவர் டாக்டர் திலீப் மகாலனபிஸ். அவர் ஒரு துணிச்சலான முடிவுக்கு வந்தார். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 22 கிராம் குளுக்கோஸ், மூன்றரை கிராம் உப்பு, இரண்டரை கிராம் சமையல் சோடா. இந்தக் கலவையைக் கரைத்து நோயாளியின் அம்மாவிடமோ, மனைவியிடமோ கொடுத்து, குடிக்கச் செய்யுங்கள் என்றார். முகாமில் 100-க்கு 30 பேர் வரை செத்துக்கொண்டிருந்த நிலைமை மாறியது. இந்தச் சிகிச்சையின்கீழ் வந்தவர்களில் இறந்தவர்கள் 4 சதவிகிதத்துக்கும் குறைவு. கணக்கு 1973-ல் மருத்துவப் பத்திரிகையில் வெளியான பிறகே உலகம் மெல்ல நம்பியது. அதற்கு முன்பு, வாய் வழியே நீர் கொடுத்துக் காலராவை வெல்ல முடியும் என்பதைப் பெரிய டாக்டர்கள் பலர் ஏற்கவே இல்லை. மகாலனபிஸ் 2022-ல் காலமானார். 2023-ல் அவருக்கு மறைவுக்குப் பின் பத்ம விபூஷண் விருது அறிவிக்கப்பட்டது.

இந்தக் கரைசலின் சூட்சுமம் அளவில் இருக்கிறது. குடல் சுவரில் சர்க்கரையும் உப்பும் ஜோடி சேர்ந்து உள்ளே நுழைகின்றன. அவை போகும்போது தண்ணீரையும் கூட்டிக்கொண்டு போகின்றன. பேதி நிற்காவிட்டாலும் உடம்பில் நீர் நிற்கிறது. குழந்தை பிழைக்கிறது. ஆனால் சர்க்கரை அளவுக்கு மிஞ்சினால் கதை தலைகீழாகிறது. உடம்பில் இருக்கும் நீரும் குடலுக்குள் இழுக்கப்பட்டுப் பேதி அதிகமாகிறது. ஊறுகாய் போட்ட கைக்கு இது புரியாத சங்கதி அல்ல. உப்பில் போட்ட மாங்காய் தண்ணீர் விட்டுச் சுருங்குவதும் ஏறக்குறைய இதே விதிதான்.

அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் அளவைக் கிராம் கணக்கில் நிர்ணயித்திருக்கிறது. 2002-ல் திருத்தப்பட்ட கணக்குப்படி, ஒரு லிட்டருக்கு குளுக்கோஸ் 13.5 கிராம், சாதாரண உப்பு 2.6 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், டிரைசோடியம் சிட்ரேட் 2.9 கிராம். மொத்தம் 20.5 கிராம். முன்பு குளுக்கோஸ் 20 கிராமாக இருந்தது. அதுவே கொஞ்சம் அதிகம் என்று கண்டுதான் குறைத்தார்கள்.

கடைகளில் டப்பாவில் விற்ற பானங்களில் லிட்டருக்குச் சுமார் 120 கிராம் சர்க்கரை இருப்பதாக டாக்டர்கள் சுட்டிக் காட்டினார்கள். 13.5 எங்கே, 120 எங்கே? ஏறக்குறைய 9 மடங்கு. உப்போ தேவையான அளவுக்குக் கீழே.

எட்டு வருஷப் போராட்டம்

இதை எதிர்த்துக் குரல் கொடுத்தவர் ஐதராபாத்தைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் டாக்டர் சிவரஞ்சனி சந்தோஷ். டாக்டர் சொன்ன ஓ.ஆர்.எஸ்.ஸைத்தான் கொடுக்கிறோம் என்று நம்பிப் பெற்றோர் இந்தப் பானத்தைக் குழந்தைகளுக்குக் கொடுத்து வந்தார்கள். பேதி தணிவதற்குப் பதிலாகக் கூடியது. எட்டு ஆண்டுகள் அவர் மனு மேல் மனு எழுதினார். ஐகோர்ட்டில் பொதுநல வழக்கும் தொடுத்தார்.

சர்க்கார் தரப்பில் நடந்தது என்ன என்பதை வரிசையாகப் பார்த்தால் சிரிப்பதா, அழுவதா என்று தெரியாது. 2022 ஏப்ரல் 8-ந் தேதி, ஓ.ஆர்.எஸ்.ஸுக்கு மாற்று என்று விளம்பரம் செய்யக் கூடாது என ஆணையம் தடை போட்டது. மூன்று மாதம் கழித்து, ஜூலை 14-ந் தேதி, வியாபாரச் சின்னத்தில் அந்த எழுத்துகள் இருந்தால் இருக்கட்டும், ஆனால் "இது உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த கலவை அல்ல" என்று டப்பாவில் அச்சிட்டுவிடுங்கள் என்று வழி விட்டது. 2024 பிப்ரவரி 2-ந் தேதி அதை ஒட்டி இன்னொரு கடிதம். 2025 அக்டோபரில் இந்த இரண்டு சலுகைகளையும் ஆணையமே வாபஸ் வாங்கியது.

கதவைச் சாத்தி, திறந்து, மறுபடி சாத்துவதற்கு மூன்றரை ஆண்டு. இடையில் எத்தனை குழந்தைகள் அந்தப் பானத்தைக் குடித்தார்கள் என்று கணக்கு வைத்தவர் யாரும் இல்லை.

கம்பெனிகள் சும்மா இருக்கவில்லை. டெல்லி ஐகோர்ட்டுக்குப் போனார்கள். அக்டோபர் 17-ந் தேதி ஒரு கம்பெனிக்கு இடைக்கால நிவாரணம் கிடைத்தது. அதன் மனுவை ஆணையம் விசாரித்து முடிவு சொல்லும்வரை, கைவசம் உள்ள சரக்கை விற்கலாம் என்று ஆனது. அக்டோபர் 30-ந் தேதி ஆணையம் அந்த மனுவை நிராகரித்தது. மறுநாளே இன்னொரு கம்பெனியின் வழக்கையும் ஐகோர்ட்டு தள்ளியது. பொதுமக்களின் ஆரோக்கியம் சம்பந்தப்பட்ட விஷயத்தில் குறுக்கிட கோர்ட்டு விரும்பவில்லை. நவம்பர் 19-ந் தேதி, கடை அலமாரியில் இருந்தும் இணைய வியாபாரத்தில் இருந்தும் இவற்றை அகற்றுங்கள் என்று மாநிலங்களுக்கு மீண்டும் தாக்கீது போனது. முதல் உத்தரவு வந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகியும் டப்பாக்கள் அலமாரியில்தான் இருந்தன என்பதற்கு இந்த இரண்டாவது தாக்கீதே சாட்சி.

கம்பெனிகளின் வாதத்தில் நியாயமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. "நாங்கள் திருட்டுத்தனம் செய்யவில்லை. ஆணையம் சொன்ன எச்சரிக்கையை அச்சிட்டோம். அனுமதித்துவிட்டு இன்று குற்றம் என்றால் எப்படி?" என்று அவர்கள் கேட்டார்கள். கேள்வி சரி. ஆனால் பதில் டப்பாவிலேயே இருக்கிறது. ஓ.ஆர்.எஸ். அல்ல என்று எழுத வேண்டிய பண்டத்துக்கு ஓ.ஆர்.எஸ். என்று ஏன் பெயர் வைக்க வேண்டும்?

எச்சரிக்கை யார் படிக்க?

இந்த எச்சரிக்கை வாசகம் என்பதே ஒரு விசித்திரமான ஏற்பாடு. 2018-ல் வந்த விளம்பர விதிகளில் ஒரு பிரிவு இருக்கிறது. "இயற்கை", "சுத்தம்", "அசல்", "புதியது", "பாரம்பரியம்" என்ற பொருள்படும் சொற்கள் ஒரு சரக்கின் பிராண்டுப் பெயரிலேயே இருந்து, அது மக்களை ஏமாற்றக்கூடும் என்றால், கம்பெனி ஓர் அடிக்குறிப்புப் போட வேண்டும். இது பிராண்டுப் பெயர் மட்டுமே, பொருளின் உண்மைத் தன்மையைக் குறிப்பது அல்ல என்பது அந்தக் குறிப்பின் கருத்து. எழுத்தின் உயரம் 3 மில்லி மீட்டருக்குக் குறையக் கூடாது.

மூன்று மில்லி மீட்டர் என்பது ஏறக்குறைய ஒரு கடுகு. பெயர் கட்டைவிரல் உயரத்தில் இருக்கும். பெயரை நம்பாதே என்ற வாக்கியம் கடுகு உயரத்தில் இருக்கும். இதைச் சட்டமே ஏற்றுக்கொள்கிறது.

அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. பிழைப்புக்காக வேறு மாநிலத்தில் குடியேறிய தமிழர்களுக்கு இது நேரடியாகத் தொடர்புள்ளது. உணவுப் பாக்கெட்டின் விவரங்கள் ஆங்கிலத்திலோ, தேவநாகரி எழுத்தில் இந்தியிலோ இருந்தால் போதும் என்பதுதான் சட்டம். மற்ற மொழிகள் கம்பெனியின் விருப்பம். விரும்பினால் கூடுதலாகப் போடலாம், போடாமலும் இருக்கலாம். தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த பெண்கள் தாராவியிலும், ஆண்டாப்ஹில்லிலும், மலாடிலும் இன்றும் இருக்கிறார்கள். அவர்களுக்கு லேபிள் என்பது எழுத்து அல்ல, படம். நிறத்தையும், படத்தையும், அடிக்கடி பார்த்துப் பழகிய இரண்டு மூன்று எழுத்துகளின் உருவத்தையும் வைத்துத்தான் சாமான் வாங்குகிறார்கள். ஓ.ஆர்.எஸ். என்ற ஆங்கில எழுத்துகளை ஆரம்ப சுகாதார நிலையச் சுவரிலும், அங்கன்வாடியிலும் பார்த்துப் பார்த்து அவர்கள் அடையாளம் தெரிந்துகொண்டிருந்தார்கள். அரசு பல ஆண்டுகள் செலவிட்டுக் கற்றுக்கொடுத்த அந்த ஓர் அடையாளத்தைத்தான் வியாபாரம் கடன் வாங்கிக்கொண்டது. அதன்கீழே ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் "இது அது அல்ல" என்று எழுதி என்ன பயன்?

2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, பேதி கண்ட குழந்தைகளில் ஏறக்குறைய 61 சதவிகிதத்தினருக்கே ஓ.ஆர்.எஸ். கிடைத்தது. மீதிப் பேருக்கு அதுவும் இல்லை. ஒவ்வொரு பாக்கெட்டும் முக்கியமாக உள்ள நாட்டில் இந்தக் குழப்பம் நடந்திருக்கிறது.

டால்டாவில் இருந்து தொடங்கிய கதை

பெயரை வைத்துப் பண்டத்தை விற்பது புதிய தந்திரம் அல்ல. இந்த நாட்டில் அதன் மூத்த உதாரணம் வனஸ்பதி. 1937-ல் டால்டா சந்தைக்கு வந்தது. எண்ணெயை ஹைட்ரஜன் ஏற்றி இறுக வைத்த கொழுப்பு அது. நெய்யைப் போலவே மணல் மணலாக உறையும்படி செய்தார்கள். ஜனங்களும் வியாபாரிகளும் அதற்கு "வனஸ்பதி நெய்" என்றே பெயர் சூட்டிவிட்டார்கள். காந்திஜி "ஹரிஜன்" பத்திரிகையில் இதைக் கண்டித்து எழுதினார். நெய்யில் கலந்தால் தெரிய வேண்டும், ஆகவே வனஸ்பதிக்குச் சாயம் ஏற்றுங்கள் என்ற கோரிக்கை பாராளுமன்றம் வரை போனது. அது நடைமுறைக்கு வரவே இல்லை.

அதற்குப் பதிலாக வந்த ஏற்பாட்டில் நம் ஊர்ச் சரக்குக்கு ஒரு பங்கு கிடைத்தது. வனஸ்பதியில் கொஞ்சம் நல்லெண்ணெய் சேர்த்தே ஆக வேண்டும் என்று சட்டம் செய்தார்கள். நல்லெண்ணெயில் ஒரு குணம் உண்டு. குறிப்பிட்ட ரசாயனத்தைச் சேர்த்துக் குலுக்கினால் சிவப்பு நிறம் காட்டும். நெய் என்று விற்கும் சரக்கில் சோதனை செய்து சிவப்பு வந்தால், வனஸ்பதி கலந்திருப்பது அம்பலம். பெயரால் பிடிக்க முடியாத பொய்யை எள் பிடித்துக் கொடுத்தது.

இன்று அதே சண்டை ஐஸ்கிரீம் கடையில் நடக்கிறது. ஐஸ்கிரீம் என்று பெயர் போட வேண்டுமானால் அதில் பால் கொழுப்பு இருக்க வேண்டும். சாதாரண ஐஸ்கிரீமில் குறைந்தது 10 சதவிகிதம். பால் கொழுப்புக்குப் பதில் தாவர எண்ணெய், தாவரக் கொழுப்பு சேர்த்தால் அதன் பெயர் "ப்ரோசன் டெசர்ட்". வண்டிக்காரரிடம் போய் "ஒரு ப்ரோசன் டெசர்ட் கொடு" என்று கேட்ட குழந்தை இதுவரை பிறக்கவில்லை. இரண்டும் ஒரே மாதிரிக் குச்சியில், ஒரே மாதிரிக் கோனில், ஒரே பெட்டியில் விற்கின்றன.

2017-ல் அமுல் இதை வைத்து டெலிவிஷனில் விளம்பரம் கொடுத்தது. பாலில் செய்ததா, வனஸ்பதியில் செய்ததா என்று பார்த்து வாங்குங்கள் என்ற பாணியில் அது இருந்தது. இந்துஸ்தான் யூனிலீவர் பம்பாய் ஐகோர்ட்டுக்குப் போனது. எங்கள் பண்டத்தில் வனஸ்பதியே இல்லை, வேண்டுமென்றே இழிவுபடுத்துகிறார்கள் என்றது. 2017 ஜூனில் தனி நீதிபதி அந்த விளம்பரத்துக்குத் தடை விதித்தார். 2018 டிசம்பரில் பெஞ்சு அதை உறுதி செய்தது. சட்டப்படி தீர்ப்பு சரியாக இருக்கலாம். தாவரக் கொழுப்பு எல்லாம் வனஸ்பதி அல்ல. ஆனால் இரண்டு பெரிய கம்பெனிகள் மோதியதால்தான் ஐஸ்கிரீமில் இரண்டு ஜாதி இருக்கிறது என்பதே லட்சக்கணக்கான குடும்பங்களுக்குத் தெரிய வந்தது. அதுவரை லேபிள் மௌனமாகத்தான் உண்மை பேசிக்கொண்டிருந்தது.

(டால்டாவைப் பிரபலப்படுத்தியதும் இதே யூனிலீவர் குடும்பம்தான். வனஸ்பதி என்ற சொல் இழிவு என்று அதே குடும்பம் கோர்ட்டுக்குப் போகக் காலம் எப்படி மாறியிருக்கிறது பாருங்கள்!)

ஜூஸ், சத்துப் பானம், தேநீர்

பழச்சாறு விஷயமும் இதேதான். வெளியே இருந்து கெட்டிச் சாறாக வாங்கி, தண்ணீர் விட்டு மறுபடி நீர்க்கச் செய்ததை "100 சதவிகிதம் பழச்சாறு" என்று விற்றார்கள். 2024 ஜூனில் ஆணையம் இந்த 100 சதவிகிதத்தை லேபிளில் இருந்தும், விளம்பரத்தில் இருந்தும் எடுங்கள் என்றது. ஒரு கம்பெனி இதை எதிர்த்து 2025-ல் டெல்லி ஐகோர்ட்டுக்குப் போனது. "பழ பானம்" என்று விற்கும் சரக்கில் பழச்சாறு 10 சதவிகிதம் இருந்தால் சட்டத்துக்குப் போதும் என்பதும், எலுமிச்சையானால் 5 சதவிகிதமே போதும் என்பதும் எத்தனை பேருக்குத் தெரியும்? சாறு, பானம் என்ற இரண்டு சொற்களுக்கு இடையில் 90 சதவிகிதத் தண்ணீரும் சர்க்கரையும் ஒளிந்திருக்கின்றன.

குழந்தைகள் பாலில் கலந்து குடிக்கும் பொடிகளை "ஹெல்த் டிரிங்க்" என்று விற்று வந்தார்கள். அப்படி ஒரு வகை உணவுச் சட்டத்தில் கிடையவே கிடையாது. 2024 ஏப்ரலில் ஆணையமும் மத்திய வர்த்தக அமைச்சகமும், இணைய வியாபாரிகள் அந்தத் தலைப்பின்கீழ் இவற்றை விற்கக் கூடாது என்று அறிவித்தன. அதே மாதம் ஹார்லிக்ஸ் தன் அடைமொழியை மாற்றிக்கொண்டது. பல பத்தாண்டுகள் தாய்மார்கள் நம்பிய ஒரு தலைப்பு, சட்டத்தில் இல்லாத தலைப்பு என்று ஒரு மாதத்தில் தெரிந்தது.

ஏ-2 பால் என்ற பெயரில் பாலும் நெய்யும் கூடுதல் விலைக்கு விற்பதை நிறுத்தும்படி 2024 ஆகஸ்டு 21-ந் தேதி ஓர் உத்தரவு வந்தது. 26-ந் தேதி அது வாபஸ் ஆனது. ஐந்தே நாள்! 2025 டிசம்பரில், தேயிலைச் செடியில் இருந்து வராத எதையும் தேநீர் என்ற பெயரில் விற்கக் கூடாது என்றார்கள். மூலிகைத் தேநீர், பூத் தேநீர் எல்லாம் வேறு பெயர் தேட வேண்டியதுதான்.

பால் என்ற சொல்லும் இப்படித்தான். சோயாவையும் பாதாமையும் அரைத்து வடித்ததைப் பால் என்று விற்கக் கூடாது என்று 2021 செப்டம்பரில் ஆணையம் இணைய வியாபாரிகளுக்குச் சொன்னது. ஆனால் தேங்காய்ப் பாலுக்கு விலக்கு உண்டு. அது தலைமுறை தலைமுறையாக வழங்கும் பெயர், யாரும் அதைப் பசும்பால் என்று எண்ணி ஏமாறுவதில்லை என்பது காரணம். இது நியாயமான காரணம். பண்டத்துக்கும் பெயருக்கும் உள்ள உறவில் கேட்க வேண்டியது இந்த ஒரு கேள்வியைத்தான். கேட்பவர் ஏமாறுகிறாரா, இல்லையா?

ரயில் நிலையங்களில் "மினரல் வாட்டர்" என்று கேட்டு வாங்கும் புட்டியில் பெரும்பாலும் அப்படி எழுதியிருப்பதில்லை. "பேக்கேஜ்டு டிரிங்கிங் வாட்டர்" என்றே இருக்கும். அதாவது சுத்தம் செய்து அடைத்த குடிநீர். ஊற்றில் இருந்து எடுத்து அப்படியே அடைக்கும் இயற்கைக் கனிம நீருக்குத் தர நிர்ணயமே வேறு. இங்கே கம்பெனி பொய் சொல்லவில்லை. ஜனங்களே பெயரை உயர்த்திவிட்டார்கள். அதனால் யார் வயிறும் கெடுவதில்லை. ஆகவே இதை ஒரு குற்றமாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

பன்னீர் அப்படி அல்ல. 2025 மார்ச்சில் மகாராஷ்டிர சட்டசபையில் ஓர் உறுப்பினர் போலிப் பன்னீரைக் கொண்டுவந்து காட்டினார். பால் கொழுப்புக்குப் பதில் தாவர எண்ணெய் சேர்த்துச் செய்ததை, பாக்கெட்டில் விற்றால் பன்னீர் என்று எழுதக் கூடாது, அனலாக் என்று எழுத வேண்டும். இது விதி. ஆனால் ஓட்டல் தட்டுக்கு லேபிள் ஏது? மொத்த வியாபாரி சரியான பெயரில் விற்று, ஓட்டல்காரர் சரியான பெயரில் வாங்கி, சமையல் அறையைத் தாண்டும்போது அது பன்னீர் பட்டர் மசாலா ஆகிவிடுகிறது.

மாதுங்கா காபிக் கடை சொல்லும் பாடம்

இதெல்லாம் சரி, பெயரையும் கலவையையும் ஒழுங்காகச் சொல்ல முடியாதா என்றால், முடியும். நம் வீட்டு அடுப்படியிலேயே உதாரணம் இருக்கிறது.

காபிப் பொடி. மாதுங்காவிலோ, செம்பூரிலோ காபி வறுத்து அரைக்கும் கடைக்குப் போகும் தமிழர் யாரும் வெறுமனே "காபிப் பொடி" என்று கேட்பதில்லை. 80-க்கு 20 என்பார், 70-க்கு 30 என்பார், சிக்கரியே வேண்டாம் என்பார். பாக்கெட்டில் விற்பதானாலும் காபி இத்தனை சதவிகிதம், சிக்கரி இத்தனை சதவிகிதம் என்று அச்சிட்டே ஆக வேண்டும். கலவையில் காபி 51 சதவிகிதத்துக்குக் குறையக் கூடாது. காபியை விட விலை குறைந்த ஒரு கிழங்கைக் கலக்கிறார்கள். அதை ஒளிக்கவில்லை. சிக்கரி கலந்ததைக் குடிப்பவர் தெரிந்தே குடிக்கிறார். சிலர் விரும்பியே குடிக்கிறார்கள். காபி வியாபாரம் இதனால் படுத்துவிடவில்லை.

பெருங்காயமும் அப்படியே. டப்பாவைத் திருப்பிப் பார்த்தால் "கூட்டுப் பெருங்காயம்" என்ற பொருள்பட எழுதியிருக்கும். மாவும் பிசினும் சேர்த்த விவரமும் இருக்கும்.

காபிக்கு முடிந்தது பழ பானத்துக்கு ஏன் முடியாது? "மாம்பழச் சாறு இத்தனை சதவிகிதம், சர்க்கரை இத்தனை, தண்ணீர் இத்தனை" என்று டப்பாவின் முகத்தில், பெயருக்குப் பக்கத்தில், பெயரில் பாதி உயரத்திலாவது போடச் சொன்னால் என்ன? குச்சி ஐஸில் "பால் கொழுப்பு இல்லை" என்று போடச் சொன்னால் என்ன? கம்பெனிகள் எதிர்க்கும். அதில் ஆச்சரியம் இல்லை. சர்க்கார் ஏன் தயங்குகிறது என்பதுதான் விளங்கவில்லை. பொய்ப் பெயர் போட்டு விற்றால் அபராதம் 3 லட்சம் ரூபாய் வரை. தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் வரை. நாடு முழுவதும் விற்கும் கம்பெனிக்கு இது ஒரு நாள் விளம்பரச் செலவுகூட ஆகாது.

இன்னொன்றும் செய்யலாம். மும்பை, பெங்களூர், டெல்லி என்று எந்த ஊரானாலும், குழந்தை உணவும் மருந்து போன்ற பானங்களும் விற்கும் பாக்கெட்டில் அந்தந்த மாநில மொழியைக் கட்டாயமாக்கலாம். மும்பைத் தமிழனுக்கு அது மராத்தியாகத்தான் இருக்கும். பரவாயில்லை. இங்கே பிறந்து பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் மராத்தி படிக்கிறார்கள். அம்மாவுக்கு வாசித்துச் சொல்ல வீட்டில் ஒரு வாயாவது இருக்கும்.

அக்டோபர் உத்தரவு பெயரைத்தான் தடுத்திருக்கிறது, பானத்தைத் தடுக்கவில்லை. அதே பானம், அதே நிற டப்பாவில், அதே மருந்துக் கடை அலமாரியில், வேறு பெயரில் இருக்கலாம். சட்டப்படி அதில் தவறு இல்லை. நிறத்தையும் படத்தையும் பார்த்து வாங்குகிறவர்களுக்குப் பெயர் மாறியது தெரியவும் தெரியாது. கடைக்காரரும் பழக்கத்தில் அதையே எடுத்துக் கொடுக்கக்கூடும். மருந்துக் கடை அலமாரியில் இருப்பதெல்லாம் மருந்து அல்ல என்பதை அக்கம்பக்கத்தில் சொல்லி வைப்பது நல்லது. அந்த மூன்று எழுத்துகளைப் போட்ட சர்க்கரைப் பானம் எங்காவது கண்ணில் பட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் புகார் சொல்லலாம்.

உண்மையான ஓ.ஆர்.எஸ். பொடியாகத்தான் பெரும்பாலும் வரும். பாக்கெட்டில் உலக சுகாதார நிறுவனத்தின் கலவை என்ற குறிப்பும், நான்கு சேர்மானங்களின் கிராம் கணக்கும் இருக்கும். மருந்து லைசென்ஸ் எண் இருக்கும். உணவு லைசென்ஸ் எண் மட்டும் இருந்தால் அது மருந்து அல்ல. மாநகராட்சி மருந்தகங்களிலும் அரசு ஆஸ்பத்திரிகளிலும் இலவசமாகக் கொடுக்கிறார்கள். பொடி கிடைக்காத நேரத்தில், காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரையும், அரை டீஸ்பூன் உப்பும் கரைத்துக் கொடுக்கலாம். உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீரும் ஆகும். 20.5 கிராம் பாக்கெட்டானால் முழுவதையும் ஒரே தடவையாக 1 லிட்டர் தண்ணீரில் கரைக்க வேண்டும். பாதிப் பொடியைப் பாதித் தம்ளரில் போடக் கூடாது. கரைத்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. குழந்தை வாந்தி எடுத்தால் 10 நிமிஷம் விட்டு, மறுபடி ஒவ்வொரு ஸ்பூனாகக் கொடுக்க வேண்டும்.